விலாசமில்லாத சரக்கு

சந்தைப்பேட்டை ரோட்டை மனிதர்கள் கடக்கக் கூடாது. சரக்குதான் கடக்கலாம். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை லாரி, பஸ் எல்லாவற்றையும் நிறுத்திவைத்துச் சரக்கு இறக்குவார்கள். ஆகவே எதிர்ப்பக்கம் போகவேண்டியவர்கள் பதிவு மேசையில் சரக்காகச் சேர்ந்து, கழுத்தில் சீட்டு கட்டிக்கொண்டு, தள்ளுவண்டியில் உட்கார்ந்து போனார்கள். டாக்டரும் அப்படித்தான் போனார், கல்யாண மாப்பிள்ளையும் அப்படித்தான் போனார். சும்மா சொல்லக்கூடாது, அதன்பிறகு அந்த ரோட்டில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

விதிகள் அதிகமில்லை. சீட்டு கட்டியபின் சரக்கு வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் சேதாரம் என்று எழுதி, ஏறிய இடத்துக்கே திருப்பிவிடுவார்கள். பதினைந்து கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகள் சரக்கில் சேர்த்தியில்லை. பெரிய சரக்கு ஏதாவது தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும்.

மிக்சி ரிப்பேர் பார்க்கும் தணிகாசலத்தின் மகள் நறுமுகை பதினாலு கிலோ. எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் யூகேஜி. தினமும் அவளை அழைத்துவருகிற அவர் மனைவி அன்று ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி போயிருந்தாள். போகும்போதே சொல்லியிருந்தாள்: "பள்ளிக்கூடம் மூணரைக்கே விட்டுரும். நாலு மணிக்கு வாட்ச்மேன் புள்ளைய வெளிய விட்டுட்டுக் கேட்டைப் பூட்டிருவாரு. மறந்து தொலைக்காதீங்க."

அவர் மறக்கவில்லை. ஒரு பாழாய்ப்போன ஜார் மூடி கழலமாட்டேன் என்று உயிரை வாங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் மணி மூன்று ஐம்பது. ஜாரைப் போட்டுவிட்டு மேசைக்கு ஓடினார். நான்கு அடித்தால் லாரிகள் கிளம்பிவிடும். நறுமுகையோ அப்பா எங்கே தெரிந்தாலும் ஒரே ஓட்டமாக ஓடிவருகிற பிள்ளை. நடுவில் என்ன வருகிறது என்று பார்க்கவே மாட்டாள்.

மேசையில் ஜோதிலட்சுமி இருந்தாள். "ஏறுங்கண்ணே" என்றாள்.

"சீக்கிரம்மா, சீக்கிரம் கட்டு" என்று தணிகாசலம் வண்டியில் ஏறிக் கழுத்தை நீட்டினார்.

கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்குக்கூட இது தெரியும். அதனால் மேசையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அவரவரே சொல்வார்கள், ஜோதிலட்சுமி எழுதிக்கொள்வாள். அவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். தொண்டையைச் செருமினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். தணிகாசலத்தின் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் விலாசம் எழுதுகிற இடத்தை வெற்றாக விட்டுச் சீட்டைக் கட்டிவிட்டாள்.

சுமை தூக்கும் பிச்சையப்பன் வண்டியைத் தள்ளினார். நடுரோடு வந்ததும், எந்த வாசலில் இறக்குவது என்று சீட்டைப் புரட்டினார். பின்பக்கமும் பார்த்தார். வண்டி நின்றது.

"அடக்கடவுளே" என்றார் பிச்சையப்பன். கேட்க முடியாது. அவரும் விவரம் தெரிந்தவர்தானே.

தணிகாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கு நுனிவரை பள்ளிக்கூடத்தின் பெயர் வந்துவிட்டது. சொன்னால் சேதாரம். பழைய பக்கத்துக்கே கொண்டுபோய் இறக்குவார்கள், லாரிகள் ஓடும், பிள்ளை அங்கிருந்து அவரைப் பார்த்துவிடும். சொல்லாவிட்டாலோ நடுரோட்டில் நிற்பதைப் பார்த்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை.

பள்ளிக்கூடத்துக் கேட் திறந்தது. தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நறுமுகை வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் பூட்டு விழுந்தது. மணி நான்கு. ரோட்டின் இரண்டு கோடியிலும் லாரிகள் உறுமின.

"அப்பா!" என்று கத்தினாள்.

வராதே, வராதே என்று அவர் தலையை ஆட்டினார். அவள் ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டாள்.

பிச்சையப்பன் அவர் தோளைத் தொட்டார். "அண்ணே, விலாசமில்லாம நாலு மணிக்கு நடுரோட்டுல நிக்கிற சரக்கு ரோட்டுக்கே சொந்தம். வேகத்தடையாப் போட்ரணும். கொஞ்சம் குப்புறப் படுங்க."

தணிகாசலம் இறங்கி, குறுக்கே படுத்தார். ஐந்தரை அடி ஆள், ரோடோ முப்பதடி. "கைகால நல்லா நீட்டுங்க, இன்னும் கொஞ்சம்" என்றார் பிச்சையப்பன். நீட்ட நீட்டக் கால் இந்த ஓரத்தையும் விரல்நுனி அந்த ஓரத்தையும் தொட்டன. பிச்சையப்பன் சீட்டை அவிழ்த்துவிட்டு, முதுகில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்தார். பெயின்ட் சில்லென்றிருந்தது. லாரிகள் இரண்டு பக்கமும் கிறீச்சிட்டு நின்றன.

வேகத்தடை பேசக்கூடாது என்று விதி எதுவும் இல்லை.

"ஓடாதம்மா, நடந்து வா" என்றார்.

நறுமுகை அவர் உள்ளங்கையில் ஏறி, கை வழியாக, முதுகு வழியாக நடந்து வந்தாள். பதினாலு கிலோ என்று சொல்லவே முடியாது, அவ்வளவு லேசாக இருந்தாள். குதிகாலில் இறங்கி மறுபக்கம் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நீ வரலியா?"

"பக்கத்துக் கடை மாமாகிட்டச் சொல்லி அம்மாவுக்குப் போன் போடும்மா. நாளையிலேர்ந்து நீ வரவேணாம், நானே தனியா நடந்து வந்துருவேன்னு சொல்லு."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். முதல் லாரி மெதுவாக ஏறி இறங்கியது.