சக்கைக்கு இருபத்தொரு நாள்

சிங்கப்பூரின் செங்காங்கில் இளமாறன் வீட்டில் அன்று காலை ஒரு வெள்ளைச் சட்டையால் வம்பு வந்தது. மகள் இனியாவின் சிவப்பு நீச்சலுடையோடு வாஷிங் மெஷினில் சுற்றிய சட்டை, ரோஸ் நிறத்தில் வெளியே வந்தது. அதைக் கையில் பிடித்தபடி அழகுமீனா சமையலறை வாசலில் நின்றார். சிவகங்கைப் பக்கத்திலிருந்து அந்த வீட்டுக்குப் பணிப்பெண்ணாக வந்து ஏழு நாள்தான் ஆகியிருந்தது.

"எது சுடுதண்ணி பட்டன்னு தெரியல சார்" என்றார்.

"நேத்து எல்ஆர்டி, இன்னைக்குச் சட்டை. நாளைக்கு என்ன லா?" வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வர்ஷா கணவனைப் பார்த்துக் கேட்டார்.

நேற்றைய கதை இதைவிடப் பெரியது. நான்கு வயது இனியாவைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்து வந்த அழகுமீனா, எதிர்ப்பக்கம் சுற்றும் ரயிலில் ஏறிவிட்டார். செங்காங் எல்ஆர்டி வட்டமடிக்கிற வண்டி. பல வருடம் அங்கே குடியிருப்பவர்களையே சில நாள் சுற்றலில் விட்டுவிடும். முக்கால் மணி நேரம் தாமதமாக இருவரும் வந்து சேர்ந்தார்கள். இனியாவுக்கு அது ஜாலியான சவாரி. வாசலில் காத்து நின்ற பெற்றோருக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்தப் பயம் ஓர் இரவில் கோபமாகிவிட்டது.

பேருந்தில் உட்கார்ந்ததும் இளமாறன், பணிப்பெண்ணை அமர்த்திக் கொடுத்த ஏஜென்டுக்குச் செய்தி அனுப்பினார். 'சரிப்பட்டு வராது. வேற ஆள் மாத்திக் கொடுங்க.' பழுதான மிக்சியைக் கடையில் திருப்பிக் கொடுப்பவர்கூட இதைவிட இரண்டு வரி கூடுதலாக எழுதுவார். மாற்றிவிட்டால் அழகுமீனா ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவருடைய இரண்டு பிள்ளைகளின் படிப்பு இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது என்பது இளமாறனுக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினார்.

இத்தனைக்கும் வேலை இடத்தில் அவர் பொறுமைக்குப் பெயர் போனவர். பண்ணைகள் இருக்கும் லிம் சூ காங்கில் ஓர் ஆராய்ச்சிக் கொட்டகை. அதில் எட்டுச் செம்மறி ஆடுகள். தேக்கா சந்தையில் கரும்புச் சாறு பிழிகிற கடைகள் தூக்கிப் போடும் சக்கையை ஆடுகளுக்குத் தீனியாக்க முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. சக்கை கொடுக்கத் தொடங்கி அன்று ஒன்பதாம் நாள். ஆராய்ச்சிக்குத் துணை நிற்கும் தீவன நிறுவனத்தின் மேலாளர் ரவூப் பார்க்க வந்திருந்தார்.

"என்ன டாக்டர், எல்லா ஆடும் இளைச்சிருக்கு? இந்த செட் சரியில்ல போல. வேற ஆடு வாங்கிடலாமா?"

இளமாறனுக்குச் சுருக்கென்றது. "ஆட்டைக் குறை சொல்லாதீங்க ரவூப். இந்த நாரை ஆடு தானா செரிக்க முடியாது. உங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. அது வயித்துக்குள்ள கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்கு பாருங்க, அதுங்கதான் நாரை உடைச்சுக் கொடுக்குது. அதுல வர்ற சத்தை ஆடு உறிஞ்சிக்குது. கடைசில அந்த நுண்ணுயிரே ஆட்டுக்குப் புரதமாவும் ஆயிடுது. நாம குப்பைன்னு போடறதுலேர்ந்து கறி, பால், கம்பளி! எந்த ஃபேக்டரி இதைச் செய்யும், சொல்லுங்க?"

ஆட்டு வயிற்றைப் பற்றிப் பேசிக் கண் கலங்குகிற மனிதரை ரவூப் அன்றுதான் பார்த்தார். ஆனால் கேட்கக் கேட்க அவருக்கும் மலைப்பாகத்தான் இருந்தது. கண்ணுக்கே தெரியாத உயிர்கள் சேர்ந்து ஒரு முழு ஆட்டைத் தூக்கி நிறுத்துகின்றன என்றால் யாருக்குத்தான் மலைப்பு வராது?

"அப்புறம் ஏன் இளைச்சது?"

"இத்தனை நாள் இளம்புல்லும் தானியமும் தின்னுட்டு வந்ததுங்க. அதுக்கு ஏத்த நுண்ணுயிர்தான் உள்ள நிறைய. சக்கையை உடைக்கிறது கொஞ்சம்தான் இருக்கு. அது பெருகி வேலையைப் பிடிக்க மூணு வாரம் ஆகும். ஒன்பதாம் நாள் எடை போட்டுத் தீர்ப்பு சொல்றது அநியாயம்."

அப்போது அவருடைய போன் அடித்தது. கையில் உறை போட்டிருந்ததால் ஸ்பீக்கரில் போடும்படி ரவூப்பிடமே சொன்னார். பேசியது ஏஜென்ட்.

"சார், வீட்டு வேலைக்கு வேற ஆள் ரெடி. சாயங்காலம் அந்தப் பொண்ணைக் கொண்டாந்து விட்டுடுங்க. வந்து எத்தனை நாள் ஆச்சு?"

"ஏழு நாள்."

ரவூப் கேலி செய்யவில்லை. எடைத்தாளை மடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "ஆட்டுக்கு இருபத்தொரு நாள். வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஏழு நாளா டாக்டர்?"

அப்புறம் கூப்பிடுவதாக இளமாறன் ஏஜென்டிடம் சொல்லிவிட்டு வெகுநேரம் ஆடுகள் அசைபோடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாலை வீட்டுக்கு வந்தபோது அழகுமீனா பையைக் கட்டி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றிருந்தார். வர்ஷா சொல்லியிருக்க வேண்டும்.

"பையைப் பிரிச்சிடுங்க மீனா. நீங்க போக வேண்டாம்" என்றார் இளமாறன். ஏழு நாளாக 'நீ' என்றுதான் கூப்பிட்டு வந்தார். ஆடு, சக்கை, இருபத்தொரு நாள், ரவூப் கேட்ட கேள்வி என்று எதையும் மறைக்காமல் மனைவியின் முன்னாலேயே சொன்னார். அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அழகுமீனா ஆடு வளர்த்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "சக்கையை முதல் நாளே மொத்தமாப் போட்டீங்களா சார்?"

"ஐயோ, இல்ல. வயிறு அடைச்சுக்கும். பழைய புல்லோட ஒரு பிடி, ரெண்டு பிடின்னு கலந்துதான் கொடுத்தேன்."

"எனக்கு அப்படிக் கலக்கலயே சார்." குரல் உயரவில்லை. "மெஷினு, கரண்ட் அடுப்பு, ரயிலு, பாப்பா, எல்லாம் முதல் நாளே. கையில இருந்த போனையும் வாங்கி வச்சுட்டீங்க, முதல் மாசம் கிடையாதுன்னு. எம் பிள்ளைங்க குரல் கேட்டு ஏழு நாளாச்சு. ரயில்ல தடம் மாறினப்ப போன் இருந்தா மேடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். பழைய தீனில ஒரு பிடிகூட எனக்கு விடலயே சார்."

போனை வாங்கி வைக்கச் சொன்னது ஏஜென்ட்தான். அதற்காக வாங்கி வைத்த கை ஏஜென்டுடையதாகிவிடாது. வர்ஷா எழுந்து போய் அலமாரியைத் திறந்து போனை எடுத்து வந்தார்.

"மன்னிச்சிடுங்க மீனா. முதல்ல பிள்ளைங்ககிட்ட பேசுங்க. சமையலை நான் பாத்துக்கிறேன்."

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து இரண்டு சின்னக் குரல்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு "அம்மா, அம்மா" என்று கத்துவது கேட்டது. பிறகு அழகுமீனா சிரிப்பதும் கேட்டது. இந்த வீட்டில் அவர் சிரித்து அன்றுதான் முதல் தடவை கேட்கிறார்கள்.

"புது இடத்துல ஒரு ஆள் நிலைச்சு நிக்கணும்னா நேரம் வேணும் வர்ஷா. பழசுல கொஞ்சமாவது அவங்க கையில இருக்கவும் வேணும்" என்றார் இளமாறன். "ரெண்டையும் கொடுக்காம ஆள் சரியில்லன்னு சொன்னது நம்ம தப்பு. ஆட்டுக்குக் காட்டின நியாயத்தைக்கூட மனுஷிக்குக் காட்டல நான்."

மறுபடி போன் அடித்தது. ஏஜென்டுக்குப் பொறுமை இல்லை.

"என்ன சார், கொண்டு வரலயா? அந்தப் பொண்ணு உங்க வீட்டுக்குச் சரிப்பட்டு வருவாளா?"

"வருவாங்க" என்றார் இளமாறன். "நாங்க அவங்களுக்குச் சரிப்பட்டு வர்றோமான்னு ரெண்டு வாரம் கழிச்சு அவங்க போனுக்கே கூப்பிட்டுக் கேளுங்க."