அம்புக்குறி அசையும் நேரம்

பொழுது பட்டு மஃரிபு பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால், நான் வேலை செய்யும் ஏறாவூர்க் கடையின் கல்லாக் கொம்பியூட்டரில் மவுஸைத் தொடாமலே அம்புக்குறி அசையும். புதிதாக வேலைக்கு வந்த முப்லிஹா முதல் நாள் அதைக் கண்டு, "அல்லாஹ்வே, ஜின்னு!" என்று வாசலுக்கே ஓடிவிட்டாள். ஜின்னுமில்லை, ஒன்றுமில்லை. என் மாப்பிள்ளை.

என்னைக் கட்டிய அப்ஹாம் கட்டாருக்குப் போகுமுன் எங்கள் கடைகளின் கொம்பியூட்டர் வேலை முழுக்க அவர் கையில்தான் இருந்தது. வாவியைச் சுற்றி எங்களுக்கு ஐந்து கிளைகள். அவர் போன பிறகும் முதலாளி முகைதீன்பாவா விடவில்லை. தினமும் அங்கிருந்தபடியே ஒவ்வொரு கிளைக் கொம்பியூட்டருக்குள்ளும் நுழைந்து, அன்றைய விற்பனைக் கணக்கை எடுத்துக் காத்தான்குடியிலுள்ள பெரிய சேர்வருக்கு அனுப்புவார். எங்கள் கிளையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். ஏனென்று கேட்கவா வேண்டும்? கணக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்று எழுதுவார். கீழே நான் எழுதுவேன். அவர் பிழை விட்டு, அழித்து, மறுபடி எழுதுவதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, யாருக்கு வேண்டும் அது! போன் வந்தால் உம்மாவும் தங்கச்சியும் என்னைச் சுற்றி இருப்பார்கள். அவருடைய அறையில் ஆறு பேர். சுகமா, சுகம். வெயில் எப்படி, வெயில்தான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த இடம் இந்த ஸ்கிரீன் ஒன்றுதான்.

அதற்கும் வந்தது கேடு. "இனி மனிசன்ட கை படாம எல்லாம் தன்பாட்டில ஓடணும்" என்றார் முதலாளி. அதைச் செய்துகொடுத்ததும் என் மாப்பிள்ளையேதான்! கணக்கு தானாகப் போகும். சேர்வர் படுத்தால் தானாக எழும்பும். அந்த முதல் நாள் அம்புக்குறி அசையவே இல்லை. கணக்குப் போய் முடிந்ததும் சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. "சாப்பிட்டியா?" எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஓம், சோறும் மீன் ஆணமும். நீங்க?" என்று எழுதி முடிக்கவில்லை, பெட்டி தானாக மூடிக்கொண்டது.

போனில் கேட்டேன். "அது தன்பாட்டில வரும் புள்ள. உனக்காகத்தான் வெச்சன்" என்றார், பெருமையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன். பழுதென்றால் மனிசன் வந்துதானே ஆக வேண்டும்! எங்கே வந்தார்? முதலாளிதான் போன் எடுத்து, "ஸுஹைனா, கணக்கு எங்க?" என்று கத்தினார். வயரைச் செருகினேன். விட்ட இடத்திலிருந்து கணக்கு அதுபாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பாவி மனிசன், வேலையை அவ்வளவு திறமாகச் செய்து வைத்திருந்தார்.

நோன்பு வந்தது. முதல் நாள், தலைநோன்பு அன்று தலையிடியோடு கல்லாவில் இருந்தேன். பெட்டி திறந்தது.

"சாப்பிட்டியா?"

முப்லிஹா விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னகா இது! நோம்பு பிடிச்ச ஆளுக்கிட்ட கேக்கிற கேள்வியா?" நானும் சிரித்தேன். சிரித்தவள் எப்போது அழத் தொடங்கினேனோ தெரியாது. அவராக இருந்தால் இதைக் கேட்டிருக்கவே மாட்டார். நோன்பு பிடித்தால் எனக்குத் தலையிடிக்கும், அதைத்தான் கேட்பார்.

வீட்டில் நாங்கள் நோன்பு திறந்த கையோடு போன் வந்தது. கட்டாரில் அப்போதும் பொழுது படவில்லை.

"உங்கட மிஷின் நோம்புக்காரிட்ட சாப்பிட்டியா எண்டு கேக்குது" என்றேன்.

"யா அல்லாஹ், மறந்துட்டன்! இப்பவே திருத்துறன். நோம்பு முடியுமட்டும் வேற கேள்வி வர வைக்கிறன்."

"ஒண்டும் திருத்த வேணா. எனக்கு மிஷின் வேணா. நீங்கதான் வேணும்."

உம்மா சட்டென்று எழும்பி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டா. அந்தப் பக்கம் அறையில் இருக்கிற ஆறு பேருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்!

மறுநாள் கணக்குப் போய் முடிந்தது. பெட்டி வரவில்லை. கோபித்துக்கொண்டு அதையும் எடுத்துவிட்டார் என்று நினைத்துக் கடைக் கதவை இழுத்து மூடப் போனேன்.

"இஞ்ச வாகா, ஓடி வா!" என்று கூப்பிட்டாள் முப்லிஹா.

அம்புக்குறி அசைந்துகொண்டிருந்தது. வெற்றுப் பக்கம் திறந்தது. அனுப்புவதற்கு ஒரு கணக்கும் மிச்சமில்லை. மனிசன் சும்மாதான் வந்திருந்தார்.

"தலையிடியா?"

"ஓம். உங்களுக்கு வேலை இல்லயா?"

"இஞ்சத்த முதலாளிட்ட சொல்லிட்டு வந்தன்."

"ஊருக்கு எப்ப வருவீங்க?" இதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இன்று கை கேட்டுவிட்டது.

அவர் எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அதையும் அழித்தார். எனக்கு விளங்கியது. அவருக்கும் தெரியாது.

பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். "பாங்கு சொல்றாங்க" என்று எழுதினேன்.

"நீ நோம்பத் திற. இஞ்ச இன்னும் வெயில்தான்."

முப்லிஹா ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தாள். வாயில் வைக்க மனம் வரவில்லை. அம்புக்குறி போகாமல் அங்கேயே நின்றது.