பல் வைத்தியத்துக்கு ஒரு பெட்டி

பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது படகுத்துறையிலிருந்து என் கணவர் மறுபடியும் கூப்பிட்டார். காற்று ஏறுகிறது, சீக்கிரம் வா என்பதற்குத்தான். அதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்ததிலிருந்து ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்தபடி ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கரையில் மேகம் கறுத்துவிட்டது. இன்று போகிற படகுதான் கடைசி. இனி மழைக்காலம் முடிகிறவரை யாரும் படகை இறக்க மாட்டார்கள். எங்கள் விடுதியை மூடிவிட்டு, கூரைக்கும் குழாய்களுக்கும் காவலாக அவர் மட்டும் இங்கே இருப்பார். போன வருஷம்வரை நானும் கூட இருந்தேன்.

அவரிடம் நான் சொல்லியிருப்பது பல் வைத்தியம். கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை, அக்கா வீட்டில் தங்கிப் பார்த்துக்கொண்டு பத்து நாளில் காட்டுப் பாதை வழியாக நடந்தே திரும்பிவிடுவேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஒரு முழுப் பகல் நடை அது. முதுகில் சின்னப் பையோடு நடக்கலாம். பெட்டியோடு முடியாது. உண்மை என்னவென்றால் என் பற்களெல்லாம் கல் மாதிரி இருக்கின்றன. நகரத்துப் பெரிய ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேசைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். இங்கே மலை உச்சிக்கு ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். உடம்பு குறைக்க நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு மாதமாக ஏறி ஏறிப் பேசி வாங்கிய வேலை. தினமும் துண்டு மாற்றுகிற ஓட்டல், குட்டிக் குட்டி பிளாஸ்டிக் சீசாவில் ஷாம்பூ வைக்கிற ஓட்டல். அவரிடம் எந்த வாயால் சொல்வேன்?

அவர் முன்பு லிப்ட் மெக்கானிக். வாழ்க்கையில் பாதியை இருட்டுக் குழிக்குள் கிரீஸ் கையோடு கழித்தவர், மீதியைக் காட்டில் கழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நானும் சரி என்றுதான் வந்தேன். யாரும் என்னைக் கட்டி இழுத்து வரவில்லை. ஆறு அறைகள். வெயிலில் ஓடும் விளக்குகள். ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர். கழிவறைக்குத் தண்ணீர் கிடையாது, மரத்தூள்தான். அது மக்கி உரமாகி மரங்களுக்குப் போகும். வெளியிலிருந்து உள்ளே வந்த பொருள் எதுவானாலும் காலியானதும் வெளியேதான் போக வேண்டும், ஒரு மிட்டாய்க் காகிதம்கூட இந்த மண்ணில் தங்கக் கூடாது. வருகிற விருந்தினர்கள் சொர்க்கம், சொர்க்கம் என்கிறார்கள். சொல்லிவிட்டு இரண்டே நாளில் கிளம்பிவிடுகிறார்கள்.

இந்த மனிதரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்திருந்தால் நான் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பேன். கோபித்துக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். இரண்டாவது டம்ளர் டீக்கு அடுப்பைப் பற்றவைத்தால் விறகைப் பார்ப்பார். திட்ட மாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பிறகு டீ தொண்டையில் இறங்காது. மழைக்காலத்தில் வெயிலே இருக்காது என்பதால் சாயங்காலம் ஒரே ஒரு விளக்கு. அவர் அதன் கீழே உட்கார்ந்து பழைய குழாய்களுக்கு வாஷர் மாற்றிக்கொண்டு சந்தோஷமாக இருப்பார். நான் பஸ் நிலையத்துக்கு எதிர்வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஹாரன் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது. போன மழையில் ஒரு நாள் கெட்டிலோடு பேசிக்கொண்டிருந்தேன். அது பொங்கியதும் எனக்குப் பதில் சொன்னதுபோல இருந்தது. அன்றைக்குத்தான் பயந்துபோனேன். இன்னொரு மழைக்காலம் இங்கே இருந்தால் நான் நானாக வெளியே வர மாட்டேன்.

ஜிப் ஒருவழியாக மூடிக்கொண்டது. பெட்டியை இழுத்துக்கொண்டு படகுத்துறைக்கு இறங்கினேன்.

அங்கே எடை பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் படகில் முன்பு டீசல் இன்ஜின் இருந்தது. வாத்துகள் மிரள்கின்றன, தண்ணீரில் எண்ணெய் படிகிறது என்று அவர் அதைக் கழற்றிவிட்டு பேட்டரி மோட்டார் வைத்தார். சத்தமே வராது. சக்தியும் அவ்வளவாக வராது. காற்று நாளில் பாரம் கூடினால் நடு ஏரியில் நின்றுவிடும். அதனால் ஏறுகிற ஒவ்வொன்றையும் தூணில் தொங்கும் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்துத்தான் ஏற்றுவார். குப்பை மூட்டைகள் ஏறிவிட்டன, வீங்கினவையே தவிர கனமில்லை. விடுதியின் செத்துப்போன பேட்டரிகள் மூன்றும் ஏறி நடுவில் உட்கார்ந்திருந்தன. அவற்றைத்தான் அவர் முதலில் ஏற்றச் சொல்லியிருந்தார். போன வருஷம் ஒன்று விரிசல் விட்டு, கொட்டகைத் தரையில் கொஞ்சம் அமிலம் ஒழுகிவிட்டது. அந்த இடத்து மண்ணையே தோண்டி, டிரம்மில் அடைத்து ஊருக்கு அனுப்பின மனிதர் இவர்.

கடைசி விருந்தினர்கள் ஓய்வுபெற்ற ஒரு நீதிபதியும் அவர் மனைவியும். அந்த அம்மாவின் பை கொக்கியில் ஆடியது.

"வந்தப்போ ஒம்பது இருந்துச்சும்மா. இப்போ பதினொன்னு காட்டுது" என்றார் என் கணவர்.

"துணி ஈரமா இருக்குல்ல, அதான்."

அவர் சிரித்தபடி பையை அந்த அம்மாவின் பக்கமாக நகர்த்தி வைத்தார். அந்த அம்மா முகம் சிவந்து ஜிப்பைத் திறந்தார். துண்டில் சுற்றிய கூழாங்கற்கள். நீதிபதி இந்த வழக்கு தன்னுடையதல்ல என்பதுபோல ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கற்களை ஒவ்வொன்றாக வாங்கி, எடுத்த இடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, என் கணவர் கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அடுத்து என் பெட்டி.

கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியவர் ஒரு நொடி நிதானித்தார். பிறகு கொக்கியில் மாட்டினார். முள் ஓடிப்போய் இருபத்தேழில் நின்றது.

என் துணிகள் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு ஜோடி செருப்பு, அப்பா படம், கல்யாண ஆல்பம், இங்கே வந்த நாளிலிருந்து மின்சாரம் தின்னும் என்று ஒரு தடவைகூடச் சூடேற்றாத என் இஸ்திரிப் பெட்டி. வரவேற்பு மேசையில் நிற்பவள் கசங்கிய உடுப்போடு நிற்க முடியாதே. பெட்டி ஆடியபோது உள்ளே அது தடக்கென்று உருண்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். நீதிபதி மனைவியின் பக்கம் நகர்த்தியதுபோல என் பக்கம் பெட்டியை நகர்த்தவில்லை. நகர்த்தினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. திற என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானும் அத்தனை வருஷத்தையும் சேர்த்துக் கொட்டிவிடுவேன்.

"வேர் சிகிச்சைதானே?" என்றார்.

"ஆமா."

"ம்."

படகில் இறங்கினார். ஒரு பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கி, மூச்சுப் பிடித்துத் துறைப் பலகையின் மேல் வைத்தார்.

படகுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சார், இதுதான் மொதல்ல போகணும்னு நேத்துலேருந்து சொல்லிட்டு இருந்தீங்க?"

"இருக்கட்டும். மழை முடிஞ்சு போகலாம்."

"ஒழுகிடப் போகுது சார்."

"நான் பாத்துக்கறேன். அம்மா பெட்டியை ஏத்துங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. இதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். சத்தம் போட்டிருந்தால் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பேன். மிட்டாய்க் காகிதத்தைக்கூட இங்கே தங்க விடாதவர், எனக்கு இடம் பண்ணுவதற்காக ஏரிக்கரையில் அந்த விஷத்தை வைத்துக்கொள்கிறார். என்ன மனுஷன் இவர்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீதிபதி மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

கிட்டே போய் மெதுவாகச் சொன்னேன். "பாதி சாமானை எடுத்துடறேங்க. பேட்டரியை ஏத்திடுங்க. பத்து நாளைக்கு இவ்வளவு எதுக்கு?"

"வேண்டாம். எல்லாம் தேவைப்படும்" என்றார்.

குரலில் கோபம் இல்லை. அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சட்டையில் பேட்டரியின் கறுப்புத் தூசி ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடக் கை தானாக எழுந்தது, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் மலை மேல ஏறுவேன். சிக்னல் கிடைக்கிற எடம் உனக்குத்தான் தெரியுமே. பேசணும்னு தோணினா பேசு."

"மழையிலயா ஏறுவீங்க?"

"மழைன்னா என்ன."

படகுக்காரர் அவசரப்படுத்தினார். பெட்டி பேட்டரி இருந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மோட்டார் ஓடத் தொடங்கியதே தெரியவில்லை, துறை மட்டும் விலகிப் போனது. பழைய டீசல் இன்ஜினாக இருந்திருந்தால் அந்தச் சத்தத்தில் எதையாவது கத்திச் சொல்லியிருப்பேன். அது யாருக்கும் கேட்டிருக்காது. இந்த அமைதியில் ஒரு வார்த்தை சொன்னாலும் கரைவரை போய்விடும்.

முதல் தூறல் விழுந்தது. அவர் கையசைக்கவில்லை. குனிந்து பேட்டரியை எடுத்து, அமிலம் சிந்தாமல் நிமிர்த்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினார். கொட்டகைக்குப் போகிற பாதை செங்குத்தானது. நாலடி ஏறுவார், நிற்பார், முழங்காலை முட்டுக் கொடுத்துப் பிடியை மாற்றுவார், மறுபடி ஏறுவார். அந்தப் பாரத்தோடு திரும்பிப் பார்க்க முடியாது. பாதி மேட்டில் கால் வழுக்கி ஒரு முட்டி தரையில் பட்டது. பேட்டரியை விடவில்லை. எழுந்துகொள்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அந்தப் பக்கம் சாயாதீங்க. தண்ணி ஏறுது" என்றார் படகுக்காரர்.

கீழே பார்த்தேன். படகின் விளிம்பு என் பக்கமாகத் தாழ்ந்திருந்தது. விளிம்பைத் தாண்டி ஏரித் தண்ணீர் என் மடியில் தெறித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, உங்களைத்தான்."