பொங்கல் காசு

அடகுக் கடை பெஞ்சின் நுனியில் மார்த்தாள் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்திருந்தாள். உத்திரமேரூர் கடைவீதியில் பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அவள் கை மடியிலிருந்த பால்பவுடர் டப்பாவை இறுக்கிக்கொண்டது. உள்ளே அவள் அப்பா ஏசுதாஸ் விட்டுப்போன வெள்ளிக் காசுகள்.

மானாம்பதிப் பண்ணை வீட்டில் ஆயுசு முழுக்கப் படியாளாக உழைத்துத் தேய்ந்த மனிதர். மாட்டுப் பொங்கலன்று பெரியவர் வேட்டியோடு சேர்த்துத் தரும் ராஜா தலை போட்ட காசை, வயிறு காய்ந்தபோதும் மாற்றாமல் சேர்த்து வைத்தார். அவற்றின் மதிப்பு அவருக்கே தெரியாது. இப்போது அவர் பேரன், மார்த்தாளின் மகன் வசந்த்குமார், போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். பயிற்சிக்குப் போக அவனுக்கு ஷூவும் டிரங்குப் பெட்டியும் வாங்கத்தான் மார்த்தாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கடைக்காரர் மோகன்குமார் காசுகளைக் கண்ணாடி மேசைமேல் கொட்டினார். புருவம் ஏறியது.

"இன்னாம்மா இது, இப்பிடிப் பளபளங்குது?"

"புளி போட்டுத் தேச்சேன் சார். அழுக்கா எடுத்தாந்தா நீங்க தொடமாட்டீங்களேன்னு..."

"கெடுத்தியே! அந்தக் கறுப்பு இருந்தாத்தான் பழங்காசு வாங்குறவன் நல்ல வெல குடுப்பான். இத்தப் பாத்தா நேத்து தோண்டி எடுத்துக் கய்வினு வந்தாப்ல கீது. உனக்கு ஏது இது?"

மார்த்தாள் காலி டப்பாவை மடியில் இறக்கினாள்.

"எங்க நைனாவோடது சார். பண்ண வூட்டுப் பெரியவரு பொங்கலுக்குப் பொங்கல் குடுத்தது."

"வெள்ளிக் காசையா குடுத்தாரு? இரு, அவுங்க வூட்லயே கேட்டுப்புடலாம்."

"வாணாம் சார். நான் எடுத்துக்கினு போயிட்றேன்."

கையை நீட்டினாள். மோகன்குமார் காசுகளைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டு போனைப் போட்டார். பெரியவரின் பேரன் விஜயராகவன் சென்னையிலிருந்து பேசினான். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று கேட்டது.

"எங்க தாத்தாவோட காசா? நெறைய காணாமப் போச்சுன்னு வீட்ல பேச்சு உண்டே! அங்கயே வைங்க. ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?"

வசந்தைப் பற்றி விசாரிக்க அந்த ஸ்டேஷனிலிருந்துதான் ஆள் வரவேண்டும். திருட்டுக் குடும்பம் என்று காதில் விழுந்தால் போதும், வேலை போயே போயிற்று. மார்த்தாள் பதறி எழுந்து போனருகே குனிந்தாள்.

"அய்யா, நான் ஏசுதாஸ் பொண்ணுங்கய்யா. எங்க நைனா..." மேசைமேலிருந்த காசுகளைப் பார்த்தாள். "எங்க நைனா தெரியாம எடுத்துட்டாருங்கய்யா. எல்லாத்தியும் நீங்களே வெச்சிக்கோங்க. புள்ள வேலைக்குப் போவப்போறான். ஸ்டேஷன் மட்டும் வாணாங்கய்யா."

ஸ்பீக்கரில் விஜயராகவனின் குரல் தணிந்தது.

"செத்துப்போனவர் மேல என்ன கேஸ் போடறது? சரி, விடறேன். போ."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. மேசைமேல் கிடந்த போனைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"ஆண்டவரு ஒங்கள நல்லா வெச்சிருப்பாருங்கய்யா."