மாலக்கி வீசிய ரொட்டி

ஆண்டின் கடைசி நாள்; கதவில் ரொட்டியை அடித்து, வீட்டிலிருந்து பசியை விரட்டுவது அந்த ஊர் வழக்கம். விடிந்ததிலிருந்து டீலியா உட்காரவில்லை. பக்கவாதத்தில் விழுந்த கணவன் மாலக்கியைப் புரட்டித் துடைத்து, ஈரத்துணிகளை அடுப்பைச் சுற்றித் தொங்கவிட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் மாவில் கை வைத்தாள். ஆப்பசோடா, உலர்திராட்சை போட்டு, மோர் விட்டுப் பிசைந்து, சிலுவையாகக் கீறி, இரும்புச் சட்டியில் வைத்து மூடினாள். மூடிமேல் கங்குகளை அள்ளிப் போடக் குனிந்தவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

ரொட்டி வெந்த நேரத்துக்கு மாலக்கியின் அக்கா ஊனா வந்தாள். அடுத்த வீடுதான்; குறை சொல்ல மட்டும் வருவாள்.

"ரொட்டிய யாரு கதவுல அடிக்கப் போறா?"

"நான்தான் அண்ணி. வேற யாரு இருக்கா?"

"நல்லா இருக்கு! வீட்டு ஆம்பள மூணு கடி கடிச்சுட்டு அடிச்சாத்தான் பசி வெளிய போகும். நீ அடிச்சா வாசல்லயே நின்னு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வருஷம் பூரா உள்ளதான உக்காந்திருக்கு."

கட்டிலிலிருந்து குழறலாக ஒரு குரல். "நா... நான்."

மறுபடி தூக்க வேண்டுமா என்றிருந்தது டீலியாவுக்கு. ஆனாலும் அவன் கக்கத்தில் கை கொடுத்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு ஊனா கால்களைப் பிடித்தாள். நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூன்று கடி கடித்தான்; பாதி சட்டையில் விழுந்தது. இடது கையால் வீசினான். ரொட்டி கதவுக்கு நாலடி முன்னாலேயே விழுந்தது. அவன் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, சகுனமே சரியில்ல..."

"வாய மூடுங்க அண்ணி! நாற்காலியப் பிடிங்க."

இழுத்தார்கள். இரண்டாவது வீச்சும் எட்டவில்லை. மறுபடி இழுத்தார்கள், அவன் முழங்கால் கதவில் இடிக்கும்வரை. மூன்றாம் முறை மொத்தென்று சத்தம் கேட்டது. ரொட்டி உடைந்து சிதறியது.

மாலக்கி சிரித்தான். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அவன் சிரித்து ஒன்பது மாதமாகிறது. தரையில் மண்டியிட்டுத் துணுக்குகளைப் பொறுக்கிய ஊனா, முகத்தைக் காட்டாமல் மூக்கை உறிஞ்சினாள். துணுக்குகளை மூவரும் தின்றார்கள்.

டீலியா தேநீர்க் கோப்பையோடு சுவரில் சாய்ந்தாள். கண் தானாக மூடியது. யாரோ கோப்பையைக் கையிலிருந்து மெல்ல வாங்கினார்கள்.

"பால் கறக்கணும்..." என்று முனகினாள்.

"வாளி எங்கடி வச்சிருக்க? எந்த மாடு உதைக்கும், அத மட்டும் சொல்லு."

"செவலை..."

கதவு சாத்தும் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.