உள்ளே யாரும் இல்லை

காட்டைக் காப்பாற்றுவதற்காகக் காட்டைக் கொளுத்தப் போகிறோம் என்று வனத்துறைக்காரி சொன்னபோது, சுப்பராயலு காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "இன்னாமா சொன்ன? இன்னொரு தபா சொல்லு" என்றார். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மதிவதனி கோபப்படவில்லை. போன வருஷம்தான் இந்தக் காப்புக்காட்டுக்குக் கார்டாக வந்தவள். "தாத்தா, போன சித்திரையில உங்க மாட்டுக் கொட்டா எரிஞ்சிச்சே, எதால எரிஞ்சிச்சு?"

"நெருப்பால."

மறுபடியும் சிரிப்பு.

"அந்த நெருப்பு எதைத் தின்னுட்டு அவ்ளோ தூரம் வந்துச்சு? காஞ்ச புல்லு, தைலமரச் சருகு. இப்ப மாசி. பனி ஈரம் இன்னும் கெடக்கு. இப்பவே நாமளா பாத்து, கொஞ்சம் கொஞ்சமா எரிச்சிட்டா, சித்திரையில வர்ற நெருப்புக்குத் தீனி இருக்காது. ஊர்ப்பக்கம் வராது."

பேச்சு சரியாகத்தான் இருந்தது. சரியாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் சுப்பராயலுவுக்குச் சந்தேகம் வரும். கம்பெனிக்கு நிலம் எடுக்க வந்தவர்களும் இதே மாதிரி நிதானமாகத்தான் பேசினார்கள். ஆனாலும் வேலைக்குப் பேர் கொடுத்தார். ஊரின் தெற்குக் கடைசி வீடு அவருடையது. அதற்குப் பின்னால், மேற்கே, காடு. தன் முதுகுக்குப் பின்னால் எவனெவனோ தீ வைக்கும்போது வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்க அவரால் ஆகாது.

தீ வைப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் ஒரு தகராறு. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறையை ஆறு தெற்கத்திப் பையன்களுக்கு விட்டிருந்தார் சுப்பராயலு. ஒரகடத்துக் கம்பெனியில் வேலை. மூன்று பேர் பகலில் வேலைக்குப் போவார்கள், மூன்று பேர் ராத்திரியில். மூன்று பாய்தான் விரிக்க முடியும். ஒரு கூட்டம் எழுந்துபோனால் இன்னொரு கூட்டம் வந்து படுக்கும். பாயின் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆள். இந்த வாரம் கம்பெனியில் ஷிப்டை மாற்றி ஆறு பேரையும் ராத்திரிக்குப் போட்டுவிட்டார்கள். சங்கரன்கோயில் பக்கத்துப் பையன் வேல்ராஜ் வந்து வாசலில் நின்றான்.

"ஐயா, காலையில வந்தா படுக்க எடமில்ல. கூட இருக்க கொம்பையா மேல காலப் போட்டுக்கிட்டு உறங்க முடியுமா? கீழ வராந்தாவுலயாவது ஒரு எடம் குடுங்க."

"வராந்தால பொம்பள நடமாடற எடம். அதெல்லாம் வேலைக்கு ஆவாது."

"அப்பம் எங்கதான்யா போவ?"

"பின்னாடி எம்மாம் பெரிய காடு கீது, கண்ணு தெரியல? அங்க போய்ப் படு."

அவர் மனைவி ஜெயம் உள்ளேயிருந்து, "வாய்ல நல்ல வார்த்தையே வராதா உனுக்கு?" என்று கத்தினாள். பையன் மாடிப்படி ஏறிப்போனான்.

மறுநாள் காலையில் எல்லாரும் காட்டோரம் கூடினார்கள். தீ வைப்பதற்கு முன்னால் காட்டுக்குள் ஆள் யாரும் இல்லையென்று பார்க்க வேண்டும். மதிவதனி ஆளுக்கொரு தடம் பிரித்துக் கொடுத்தாள். சுப்பராயலுவுக்கு வந்தது தெற்கு வண்டிப்பாதை. அதில் போய், வெள்ளைக்கல்லைத் தாண்டி, பழைய செங்கல் சூளைப் பள்ளம் வரைக்கும் சத்தம் போட்டுக்கொண்டே நடந்து திரும்ப வேண்டும். ஆடு மேய்க்கிறவர்கள், சுள்ளி பொறுக்குகிறவர்கள், பாட்டிலோடு வந்த பயல்கள், யாராக இருந்தாலும் வெளியே அனுப்ப வேண்டும்.

வெள்ளைக்கல் வரைக்கும் போனார். முழங்கால் இழுத்தது. உட்கார்ந்தார். இந்த நடையெல்லாம் போனில் படம் பிடித்து மேலே இருக்கிறவனுக்கு அனுப்பத்தானே என்று நினைத்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் குவித்து, "யார்னா கீறீங்களா? நெருப்பு வெக்கப் போறாங்கோ!" என்று கத்தினார். சருகுக்குள் ஒரு ஓணான் ஓடியது. திரும்பிவிட்டார்.

"உள்ள யாரும் இல்லியே தாத்தா?" என்றாள் மதிவதனி.

"யாரும் இல்ல."

"சூளைப் பள்ளம் பாத்தீங்களா?"

"பாத்தாச்சி, பாத்தாச்சி. ஒரு ஓணான் கீது. அதையும் கூட்டியாரணுமா?"

தீ வைக்கிற ஆள் பாண்டுரங்கன் விழுந்து விழுந்து சிரித்தான். எண்ணெய் சொட்டும் தீக்குடுவை அவன் கையில்தான் இருந்தது. "தாத்தா வூட்டுக்கு வாடகைக்கு வந்துடுமோன்னு அதுவே ஓடியிருக்கும்" என்றான்.

காற்று மேற்கிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. முதலில் ஊர்ப்பக்கம், வடக்கு மூலையிலிருந்து வைத்தார்கள். காற்றுக்கு எதிராகப் போக வேண்டிய நெருப்பு என்பதால் அது ஓடவில்லை. வயசான பாம்பு போல ஊர்ந்தது. பின்னால் கறுப்புப் பட்டை விழுந்துகொண்டே வந்தது. அந்தக் கறுப்பு போதுமான அகலத்துக்கு வந்ததும், காட்டின் மேற்கே கம்பெனிச் சுவர் ஓரமாகப் போய் அங்கே வைப்பார்கள். அந்த நெருப்பு காற்றோடு சேர்ந்து ஓடிவரும். ஓடிவந்து கறுப்பில் முட்டிச் சாகும். நடுவில் இருக்கிறதெல்லாம் சாம்பல். மத்தியானக் கடல்காற்று கிழக்கிலிருந்து ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

சுப்பராயலு நனைத்த சாக்கோடு தெற்கு மூலையில், தன் வீட்டுக்குப் பின்புறம் நின்றார். அவர் முகத்துக்கு நேராகப் புகை வந்தது. நெருப்பு சொன்னபடி கேட்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நிம்மதிக்குப் பதிலாகச் சந்தேகம்தான் வந்தது. பாண்டுரங்கன் குடுவையைத் தூக்கிக்கொண்டு வடக்கே சுற்றி மேற்குப் பக்கம் நடந்தான்.

ஒன்றுக்கு இருக்கலாம் என்று வண்டிப்பாதைப் பக்கம் ஒதுங்கினார். அப்போதுதான் பார்த்தார். காரைப் புதருக்குள் பாதி மறைத்து ஒரு பைக். முன்பக்கம் 'கோமதி அம்மன் துணை' என்று ஒட்டியிருந்தது. சங்கரன்கோயில் அம்மன். ஹேண்டிலில், கயிற்றைக் கயிற்றோடு முடிந்து, கம்பெனி சேஃப்டி ஷூ தொங்கியது. ஷூவுக்குள் சாக்ஸ் சுருட்டி வைத்திருந்தது.

சுள்ளி பொறுக்க வந்தவன் ஷூவைக் கழற்ற மாட்டான். குடிக்க வந்தவனும் கழற்ற மாட்டான்.

ஜெயத்துக்குப் போன் போட்டார். "அந்த வேல்ராஜு மேல கீறானா பாரு."

"இன்னாத்துக்கு?"

"பாருன்னா பாரேன்!"

அவள் படியேறும் மூச்சு போனில் கேட்டது. "அஞ்சு பேரு கெடக்கறானுங்க. அவன் இல்ல. மூலையில இருந்த பழைய பாயும் இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "ஏன்யா, நீ தான அவன காட்ல போய்ப் படுன்ன?"

போனை அணைத்தார். சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போயிருக்கலாம். கூட்டாளி எவனுடைய பைக்கிலாவது ஏறி வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போயிருக்கலாம். சொன்னால் ஊரே பார்க்கும். பார்த்தாச்சி பார்த்தாச்சி என்று சொன்ன வாய். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். வடக்கே ஈச்சம்புதர் ஒன்றில் தீ ஏறிப் படபடவென்று வெடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் கால் தானாக ஓடியது. முழங்கால் அப்போது இழுக்கவில்லை.

"கார்டம்மா! நிறுத்து! ஆளு உள்ள கீறான்!"

மதிவதனி வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள். "பாண்டு அண்ணா, வைக்காதீங்க. வைக்காதீங்க, கேக்குதா?"

கரகரவென்று சத்தம். பிறகு, "இப்பத்தான் மேடம் ரெண்டு எடத்துல தொட்டேன்."

"அணைங்க! எல்லாரையும் கூப்பிட்டு அணைங்க!" அவள் சுப்பராயலு பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். "தாத்தா, காலையில எதுவரைக்கும் போனீங்க? அத மட்டும் உண்மையா சொல்லுங்க."

சாக்கும் பச்சைக் கிளையுமாகச் சுற்றி நின்ற எல்லாரும் பார்த்தார்கள்.

"வெள்ளக்கல்லு வரிக்கும்" என்றார் சுப்பராயலு. "அதுக்கு அப்பால போவல."

அவள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வண்டிப்பாதையில் ஓடினாள். பின்னாலேயே கிளம்பின கிழவரை ஒருவன் பிடித்து இழுத்தான். "நீ எங்க போற? உன்னையும் தேடணுமா? இங்க நின்னு அடி."

அடித்தார். ஊர்ந்துகொண்டிருந்த நெருப்பின் ஓரத்தைச் சாக்கால் அடித்தார்; சாக்கு காய்ந்தது, டிரம்மில் முக்கி மறுபடி அடித்தார். புருவ மயிர் பொசுங்கின நாற்றம் தனக்கே வந்தது. விசில் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது, விட்டு விட்டு, தூரம் போய்க்கொண்டே. "வேல்ராஜ்! வேல்ராஜ்!" என்ற பெண்குரல். பதில் இல்லை.

இவ்வளவு நேரம் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த புகை திடீரென்று நேராக எழுந்து நின்றது. தைலமர இலைகள் அசையாமல் நின்றன. பிறகு புகை மெதுவாக, ரொம்ப மெதுவாக, காட்டுப் பக்கம் சாய்ந்தது.

"கெழக்குக் காத்துடா!" என்று யாரோ கத்தினார்கள்.

ஊர்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கியது. அடிக்காமல் விட்ட இடத்தில் ஆளுயரம் எழுந்தது. அங்கே போய் அடித்தால் இங்கே எழுந்தது. முதுகில் தண்ணீர் டேங்க் மாட்டினவர்கள் ஓடி ஓடிப் பீய்ச்சினார்கள். மேற்கே தொட்ட இரண்டையும் அணைத்துவிட்டுப் பாண்டுரங்கனும் ஓடிவந்து சேர்ந்தான். நெருப்பு மேற்கே போகிறது; உள்ளே மூன்று பேர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்; நாலாவதாக ஒருவன் தூங்குகிறான். சுப்பராயலு வல்லக்கோட்டை முருகனைக் கூப்பிடவில்லை. அடிப்பதற்கே மூச்சு போதவில்லை.

கடைசித் தழல் புகைந்து அடங்கினபோது வண்டிப்பாதையில் ஆட்கள் தெரிந்தார்கள். முன்னால் மதிவதனி. அவளுக்குப் பின்னால், அக்குளில் சுருட்டின பாயோடு, கழுத்தில் இயர்போன் ஒயர் தொங்க, வேல்ராஜ். பள்ளத்துக்குள், ஈச்சம்புதர் நிழலில், முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தானாம். தோளைப் பிடித்து உலுக்கும்வரை அசையவில்லை.

"நைட்டு முழுக்க நின்னே வேல பாத்துட்டு வாரேன். ஒரு மனுசன உறங்க விடமாட்டியளா?" என்று அலுத்துக்கொண்டே வந்தவன், மரங்களைத் தாண்டினதும் கறுப்பைப் பார்த்தான். சாக்குகளைப் பார்த்தான்.

"ஏண்டா பரதேசி! படுக்க வேற எடமே கெடைக்கலியா உனுக்கு?" சுப்பராயலு கத்தினார்.

"நீங்கதானய்யா சொன்னிய" என்றான் வேல்ராஜ்.

பாண்டுரங்கன்கூடச் சிரிக்கவில்லை.

அன்றைக்கு அதோடு நின்றது. வடக்கிலிருந்து முக்கால்வாசி ஊருக்குக் கறுப்புப் பட்டை விழுந்திருந்தது. சுப்பராயலு வீட்டுக்குப் பின்னால் மட்டும் புல் அப்படியே, இடுப்புயரம், மஞ்சளாக நின்றது. திரும்ப வைப்பதென்றால் மேலே எழுதி அனுமதி வாங்க வேண்டும், காற்று ஒத்துவர வேண்டும் என்றாள் மதிவதனி. அதுவரைக்கும் அரிவாளால் அறுத்து ஒதுக்குங்கள் என்றாள்.

வேல்ராஜ் வராந்தாவில் படுத்தான். ஜெயம் ஃபேனை இழுத்து அவன் பக்கம் வைத்தாள். சுப்பராயலு பின்புறம் டிரம்மில் தண்ணீர் ரொப்பி வைத்தார். தினமும் கொஞ்சம் புல் அறுத்தார். அறுக்க அறுக்க அது குறைந்த மாதிரியே தெரியவில்லை. ரோட்டில் ஒருவன் பீடியை வீசினால் எழுந்துபோய்க் காலால் தேய்த்துவிட்டு வந்தார். யார் வீட்டில் அடுப்புப் புகைந்தாலும் மூக்கை உயர்த்தினார். "சும்மா கெடயேன்யா, நீயே எங்களுக்கு பயம் காட்ற" என்றாள் ஜெயம்.

அனுமதி வந்தது. தீ வைக்கும் காலையில் மதிவதனி தடம் பிரித்துக் கொடுத்தபோது, தெற்கு வண்டிப்பாதைக்கு வேறொருவன் பெயரைச் சொன்னாள்.

"அது என் தடம்" என்றார் சுப்பராயலு.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "பள்ளம் வரைக்கும், தாத்தா."

"தெரியும்மா."

வெள்ளைக்கல்லைத் தாண்டினார். சருகு கணுக்கால்வரை இருந்தது. காலில் முள் குத்தினதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தார். பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். வேல்ராஜ் படுத்த இடம் தெரிந்தது. புல் ஒரு ஆள் நீளத்துக்குப் படிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று படிந்திருந்தது. அந்தப் பக்கம் ஒன்று. மடித்த அட்டைப்பெட்டி ஒன்று, கம்பெனி ஸ்வெட்டரைச் சுருட்டித் தலைக்கு வைத்தது ஒன்று, தண்ணீர் பாட்டில்கள். தன் மாடியில் இருந்த ஒருவன் போட்ட படுக்கைகள் அல்ல இவை. ஊரில் எத்தனை மாடியில் பாய் ஆறாமல் ஆள் மாற்றுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்த வீடுகள்தான் எல்லாம்.

பள்ளம் காலியாக இருந்தது. யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம்.

இறங்கினார். கையைக் குவித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார். "யார்னா கீறீங்களா? நெருப்பு வெக்கப் போறாங்கோ! எழுந்து வாங்கடா!"

சத்தம் இல்லை. அவர் அங்கேயே நின்றார். இன்னொரு முறை கத்தினார். நின்றார்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம், அவர் பார்த்து முடித்துவிட்ட ஈச்சம்புதருக்குள்ளிருந்து, தூக்கம் கலையாத ஒரு குரல் கேட்டது.

"யாருவே அது, காலங்காத்தால?"