பொட்டு வைத்த தொட்டி

இந்தத் தடவையும் காகிதத்தில் சாம்பார் இருந்தால் பூபாலன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். பழைய பேப்பர் வியாபாரி. காகிதக் கட்டை முகர்ந்தே விலையைக் குறைப்பவர், போன இரண்டு தடவை விலையே பேசவில்லை. இனியும் அவர் எடுக்காவிட்டால் எல்லாக் குப்பையும் ஒரே லாரியில் கிடங்குக்குப் போகும் என்று நிர்வாகம் சொல்லியாயிற்று. பிரிக்கும் கொட்டகைக்குப் பூட்டு. அதில் வேலை பார்க்கும் பெண்கள் வீட்டுக்கு.

திருவிடந்தைக் கடற்கரையை ஒட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தில் ரேணுகா துப்புரவு மேற்பார்வையாளர். நீலத் தொட்டி காகிதத்துக்கு, பச்சைத் தொட்டி சோற்றுக்கு என்று படம் ஒட்டிப் பார்த்தாள். அதற்கென்று ஒரு கருத்தரங்கும் நடந்தது. அங்கே மிஞ்சிய பிரியாணியும் நீலத் தொட்டிக்கே போனது. மிச்சத்தைப் பையில் போட்டு, மரியாதையாக முடிச்சும் போட்டு, கைக்கு எட்டிய தொட்டியில் சேர்ப்பதுதான் அங்கே சுத்தம்.

ஆயுத பூஜை வந்தது. கொட்டகையில் வேலை பார்க்கும் வேண்டாவும் மற்ற பெண்களும் துடைப்பம், தள்ளுவண்டியோடு தொட்டிகளையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ரேணுகா தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பு வேண்டுமே.

விடுமுறை முடிந்து மாணவர்கள் திரும்பிய மறுநாள் போய்ப் பார்த்தாள். நீலத் தொட்டியில் வெறும் காகிதம். பச்சைத் தொட்டி காலி. சோறெல்லாம் அதைச் சுற்றித் தரையில், காக்கைகளோடு.

"இன்னாடி வேண்டா இது?"

"பொட்டு வெச்சதுல எலும்பப் போட யாருக்குக்கா மனசு வரும்? பேப்பர்னா சரஸ்வதி, பரவால்ல."

"அப்ப பச்சையில கீற பொட்ட அழிச்சிடு."

வேண்டா பின்னால் நகர்ந்தாள். "நா மாட்டேன்க்கா. வூட்ல புள்ளைங்க கீதுங்க."

ரேணுகா, தள்ளுவண்டி ஓட்டும் மோசஸைப் பார்த்தாள்.

"என்ன ஏன்க்கா பாக்குற? உங்க சாமி மேட்டர்ல நா கை வெச்சா, சாயங்காலமே வாட்ஸப்புல என் மூஞ்சி சுத்திகினு இருக்கும். பேஜாரு."

ரேணுகாவே துணியை நனைத்துப் பச்சைத் தொட்டிகளைத் துடைத்தாள். குங்குமம் நகக்கண்ணில் ஏறிக்கொண்டது. மன்னிப்பு கேட்கலாமா என்று நினைத்தாள். சாமியிடமா தொட்டியிடமா என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

வாரக் கடைசியில் பூபாலன் வந்தார். ஒரு கட்டைப் பிரித்து முகர்ந்தார். நம்பாமல் அடியிலிருந்து இன்னொன்றை உருவி முகர்ந்தார். குறை சொல்ல வந்து குறை கிடைக்காத வியாபாரியின் முகம் பார்க்கப் பாவமாக இருக்கும்.

"நல்லா காஞ்சி கீதே. இன்னாம்மா பண்ண?"

"பொட்டு வெச்சோம்."

அவர் கட்டுகளை ஏற்றச் சொன்னார். கடைசிக் கட்டு ஏறும்போது கடல் பக்கம் கறுத்திருந்த வானத்தைக் காட்டினார். "மழ வந்தா பொட்டு கரஞ்சிடுமேம்மா."

வண்டி போனதும் ரேணுகா கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தாள்.

"மோசஸு, கடைக்கிப் போனா செவப்பு எனாமல் பெயிண்ட் ஒரு சின்ன டப்பா வாங்கியா."

"வாங்கியாறேன். பொட்டு வெக்கிறது நீதான்."

"தெரியும்" என்றாள் ரேணுகா.